ஓடும் பிள்ளைக்கு ஒரு லென்ஸ்

கல்யாணப் பெண்ணைப் போட்டோ எடுப்பது சுலபம். "தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள், அம்மா" என்றால் சாய்த்துக்கொள்வாள். "மாப்பிள்ளை, சிரியுங்கள்" என்றால், காலையிலிருந்து ஓமப் புகையில் கண் எரிந்துகொண்டிருந்தாலும் மனிதர் சிரித்தே தீருவார். ஆனால் நூறு மீட்டர் பந்தயத்தில் ஓடிவரும் ஒன்பது வயதுப் பையனிடம், "கொஞ்சம் நில்லப்பா, அம்மா இன்னும் காமிராவைத் திறக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள்!

பள்ளிக்கூட விளையாட்டு விழா முடிந்த மறுநாள் நம் வீடுகளில் நடக்கும் சம்பாஷணை உங்களுக்குத் தெரியாததல்ல.

"இதிலே நம்ம பிள்ளை எங்கேடி?"

"அதோ, கொடிக் கம்பத்துக்குப் பக்கத்திலே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதே, அதுதான்."

அடுத்த படத்தில் டிரில் மாஸ்டரின் முதுகு பிரமாதமாக விழுந்திருக்கும். அதற்கடுத்த படத்தில் பிள்ளையின் ஒரு கால் மட்டும் ஓரத்தில் இருக்கும்; மிச்சம் உடம்பு ஓடிப்போயிருக்கும். இதற்கெல்லாம் பரிகாரம் என்னவென்று யாரைக் கேட்டாலும், "பெரிய லென்ஸாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்பார்கள். எவ்வளவு பெரியது, எதற்காகப் பெரியது என்று கேட்டால் பதில் வராது. விலை மட்டும் வரும்.

சகோதரிகளே, கடைக்காரர் சொல்வதையும் மைத்துனர் சொல்வதையும் கேட்பதற்கு முன்னால், கொஞ்ச நேரம் நான் சொல்வதையும் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண் கோ-கோ ஆடுகிறவள். அவளைப் படம் பிடிப்பதற்காக நான் இந்த லென்ஸ் சாஸ்திரத்தில் நுழைந்தேன். நுழைந்த பிறகுதான் தெரிந்தது, இது ஒன்றும் மந்திர வித்தையல்ல என்று. உப்பு, புளி, காரம் மாதிரி இதிலும் மூன்றே சங்கதிகள்: வேகம், தூரம், வெளிச்சம். மூன்றின் அளவும் தெரிந்துவிட்டால் எந்த லென்ஸ் என்ற கேள்விக்கு விடை தானே வந்துவிடும்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். அவருடைய நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றவருடைய நேரம் 55.41. வித்தியாசம் நூற்றில் ஒரு விநாடி! கண் சிமிட்டுவதற்குக்கூட அதைப் போலப் பல மடங்கு நேரம் வேண்டும். அந்தத் துளி நேரத்தில் ஒரு பதக்கமே கை மாறிப் போயிற்று.

நம் வீட்டுப் பிள்ளைகள் உஷா அல்லவே என்று நினைக்க வேண்டாம். நூறு மீட்டரை 20 விநாடியில் ஓடும் குழந்தை ஒரு விநாடிக்கு 5 மீட்டர் நகர்கிறது. காமிராவின் கதவு 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் குழந்தை எட்டு சென்டிமீட்டர் போய்விடும். முகம் கோலப்பொடியைக் கையால் தேய்த்த மாதிரி கலைந்து விழும். 1/1000 விநாடி திறந்திருந்தால் அரை சென்டிமீட்டர்தான் நகரும். முகம் முகமாக இருக்கும். கையும் காலும் உடம்பைவிட வேகமாக வீசப்படுவதால், ஓட்டத்துக்கும் கோ-கோவுக்கும் 1/1000 விநாடியை நான் கீழ்வரம்பாக வைத்துக்கொண்டிருக்கிறேன். எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டத்துக்கு 1/250 போதும். அங்கே வேகமாகப் போகிறவன் பழத்தைக் கீழே போட்டுவிடுவான்!

இப்படி ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1878-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ட்டோ என்ற இடத்தில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர், பாய்ந்தோடும் குதிரை ஒன்றின் பாதையில் 12 காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்தார். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டுக் கிளம்புமா, கிளம்பாதா என்பது அந்தக் காலத்தில் பெரிய விவாதம். கிளம்பத்தான் செய்கின்றன என்று படம் காட்டிற்று. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போதல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது. எத்தனையோ நூற்றாண்டுகளாக மனிதர்கள் கண்ணால் பார்த்தும் காணாததைக் காமிரா கண்டு சொல்லிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் வீட்டு விஷயத்துக்கு வரும்.

இரண்டாவது, தூரம். லென்ஸின் மேல் மில்லிமீட்டர் என்று ஓர் எண் போட்டிருக்கும். எண் பெரிதாக ஆக, தூரத்துப் பிள்ளை கிட்டே வருவான். ஆனால் காட்சியின் அகலம் குறையும். காமிராவோடு இலவசம்போல் வரும் 18-55 லென்ஸ் வீட்டுப் பிறந்த நாளுக்கு நல்லது. மைதானத்தில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளையை அதில் 55 வைத்துப் பார்த்தாலும், படத்தின் அகலத்தில் எட்டரை மீட்டர் மைதானம் விழும். அதில் நம் பிள்ளை எத்தனை கட்டை விரல் அளவு இருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் 200 வைத்தால் அகலம் 2.35 மீட்டர்தான். பிள்ளை படத்தை நிறைத்துக்கொண்டு வருவான்.

இது நம்மைப் போன்றவர்களிடம் பெரும்பாலும் இருக்கும் நடுத்தரக் காமிராவின் கணக்கு. அதற்குள்ளே இருக்கும் உணர்தகடு ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் அகலம். தொழில்காரர்கள் வைத்திருக்கும் பெரிய காமிராவில் 36 மில்லிமீட்டர். ஆகவே அவர்களுக்கு 300 லென்ஸ் தரும் காட்சியை நமக்கு 200 லென்ஸே தந்துவிடும். சின்னக் காமிராவில் இது நமக்கு ஒரு லாபம். "பெரிய காமிரா இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை" என்று யாராவது பயமுறுத்தினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

லென்ஸ் வாங்கப் போவதற்கு முன்னால் மைதானத்தை ஒரு தரம் போய்ப் பாருங்கள். பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் எல்லாமே கிட்டத்தான் நடக்கும். இறகுப் பந்தாட்டக் களம் 13.4 மீட்டர் நீளம். பெரியவர்கள் ஆடும் கோ-கோ களம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். கால்பந்து மைதானமோ நூறு மீட்டருக்கு மேல் போகும். கால்பந்துக்கு 300 இருந்தாலும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் மனசு கேட்கும். இதனால்தான், "பக்கத்து வீட்டில் வாங்கியிருக்கிறார்கள், நானும் அதையே வாங்குகிறேன்" என்பது இந்த வியாபாரத்தில் ஒத்துவராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த ஆட்டம் ஆடுகிறான் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சம். பணம் கரைவது இங்கேதான். லென்ஸின் மேல் எஃப் என்று இன்னோர் எண் இருக்கும்: எஃப் 5.6, எஃப் 2.8, எஃப் 1.8 என்று. இது லென்ஸின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லுகிறது. வேடிக்கை என்னவென்றால், எண் சிறுத்தால் கண் பெரிது. எஃப் 5.6-ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு.

நல்ல வெயிலில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தேவைப்படாது. நம் ஊர்க் காலை வெயிலில், ஐ.எஸ்.ஓ. 200 என்று வைத்து எஃப் 5.6-ல் எடுத்தால் ஏறக்குறைய 1/1600 விநாடி கிடைத்துவிடும். சூரிய பகவான் இலவசமாகக் கொடுப்பதற்குக் கடையில் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஆனால் கூரை போட்ட ஆட்டக் கூடத்துக்குள் போய்விட்டால் கதை மாறிவிடும். நம் கண்ணுக்கு "ஜோராக விளக்குப் போட்டிருக்கிறார்களே" என்று தோன்றும் கூடத்தில், ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் எஃப் 5.6-ல் 1/60 விநாடிதான் தேறும். அங்கேதான் எஃப் 1.8 கைகொடுக்கிறது, அதே கூடத்தில் 1/600 விநாடி கிடைக்கும்.

கூடத்து விளக்குகளில் இன்னொரு குறும்பு உண்டு. நம் நாட்டு மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். ஒரு படம் மஞ்சளாகவும், அடுத்தது இருட்டாகவும் வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். இப்போது வரும் பல காமிராக்களில் இந்தத் துடிப்பைப் பார்த்துப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இனி கடைக்குப் போகலாம்.

திறந்த மைதானத்தில் பகலில் ஆடும் பிள்ளைகளுக்கு 55-250 அல்லது 70-300 என்று எண் போட்ட சாதாரண லென்ஸ் போதும். எடையும் குறைவு. உள்ளரங்கில் ஆடும் பிள்ளைகளுக்கு 50 அல்லது 85 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ். இது கிட்டே வரவும் எட்டப் போகவும் முடியாத லென்ஸ். நாம்தான் எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் என்ன, குறைந்துவிடுவோமா? இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும் மகாராஜா லென்ஸ் ஒன்று உண்டு: 70-200, எஃப் 2.8. பத்திரிகைப் போட்டோக்காரர்கள் தோளில் தொங்குவது அதுதான். ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடை. காமிராக் கம்பெனிகளின் சொந்த லென்ஸ் என்றால் விலை லட்ச ரூபாயைத் தாண்டும்.

இந்த மகாராஜாவை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் இருநூறு பேருக்குச் சமைக்கும் அண்டாவை நாம் வாங்கியா வைத்துக்கொள்கிறோம்? வாடகைக்கு எடுக்கிறோம், மறுநாள் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். பெரிய நகரங்களில் லென்ஸையும் அப்படியே நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு விளையாட்டு விழா என்றால் வாடகையே புத்திசாலித்தனம். விலைக்கு வாங்க நினைக்கிறவர்களும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கடையில் ஐந்து நிமிஷம் தூக்கிப் பார்த்தால் எல்லாம் லேசாகத்தான் இருக்கும். பதினோரு மணி வெயிலில் மூன்று மணி நேரம் தூக்கிய பிறகுதான் எடை தெரியும். லென்ஸுக்குக் கீழே வைக்கும் ஒற்றைக் கால் தாங்கி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; தோள்வலித் தைலம் மிச்சமாகும்.

எடையைக் கண்டு, "இது நமக்கெல்லாம் ஆகுமா?" என்று பின்வாங்க வேண்டாம். ஹோமாய் வ்யாரவாலா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1913-ல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படுகிறவர். புடவையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காலத்துக் கனத்த காமிராக்களைச் சுமந்துகொண்டு டில்லியில் நடந்த சரித்திர சம்பவங்களைப் படம் பிடித்தார். 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு காலமானார். அவர் தூக்கியதற்கு நம்முடையது கறிகாய்ப் பை!

கடையில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. ஒரு கம்பெனிக் காமிராவுக்கு இன்னொரு கம்பெனி லென்ஸ் அப்படியே பொருந்தாது; ஒரு குக்கருக்கு வாங்கிய ரப்பர் வளையம் இன்னொரு குக்கருக்குப் பொருந்துமோ? ஆகவே உங்கள் காமிராவைக் கையோடு கொண்டுபோங்கள். "ஆட்டம் தடுக்கும் லென்ஸ்" என்று சொல்லி விற்பார்கள். அது நம் கை நடுக்கத்தை அடக்கும். பிள்ளையின் ஓட்டத்தை அடக்காது. அதற்கு 1/1000 விநாடிதான் வழி. கை மாறிய பழைய லென்ஸ் வாங்கினால் தப்பில்லை. ஆனால் பின்பக்கத்திலிருந்து டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சைக் காளான், வேண்டாம். சென்னை மாதிரிக் கடற்கரை ஊர்களில் ஈரக் காற்றுக்கு இந்தக் காளான் புது லென்ஸிலும் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். ஊறுகாய் ஜாடியைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா?

"எனக்குக் காமிராவே இல்லை, கைபேசிதான் இருக்கிறது" என்கிறவர்களும் வருத்தப்பட வேண்டாம். இப்போது பல கைபேசிகளில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு கிட்டே இழுக்கும் தனி லென்ஸ் இருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்றால் வெயிலில் நல்ல படம் வரும். அதற்கு மேல் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது, இருக்கும் மாவையே தண்ணீர் விட்டுப் பெருக்குவது போல, தோசை கிழியும். பந்தயம் முடியும் கோட்டுக்கு அருகில் போய் நின்று, தொடர்ந்து பல படங்கள் எடுக்கும் வசதியைப் போட்டு விடுங்கள்.

எங்கே நிற்பது என்பது லென்ஸில் பாதி. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். உச்சி வெயிலில் பிள்ளைகளின் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் முகம் மலர்ந்திருக்கும். மண்டியிட்டு உட்கார்ந்து பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். மைதானத் தூசியில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். முக்கியமாக, ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கோ-கோவில் துரத்தும் கட்சியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் மாறி மாறித் திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவாள். கம்பத்தைச் சுற்றும் இடத்தில்தான் பாய்ச்சல் நடக்கும். அங்கே முன்கூட்டியே காமிராவைக் குறிபார்த்து வைத்திருந்தால், பாய்கிறவள் தானாக வந்து படத்தில் விழுவாள்.

இனி எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

மேலே சொன்ன கணக்கையெல்லாம் ஒரு காகிதத்தில் போட்டு, கோ-கோவுக்கு 55-250 லென்ஸ் சரிப்படும் என்று முடிவு செய்து, இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கணக்கில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

"எல்லாம் சரி. வாடகைக்கே எடுத்துவிடேன்" என்றார். "அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. விளையாட்டு இந்த வருஷத்தோடு சரி. ஒரு வருஷத்துக்கு எதற்கு விலைக்கு வாங்குவது?"

என் பெண் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே, "அப்படின்னா வாடகைக்கே எடுத்துக்கோம்மா" என்றாள். அவ்வளவுதான். பிறகு மோர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.

லென்ஸை வாடகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததாகத்தான் அதுவரையில் நினைத்தோம். உண்மையில் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றியல்ல என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வாடகைக்கே எடுத்தேன். வட்டாரப் போட்டி நடந்த அன்று கம்பத்துக்கு அருகில் மண்டியிட்டு உட்கார்ந்து, காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை எடுத்தேன். அவர்கள் கட்சி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுவிட்டது. கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் ஒரு படம் கிடைத்தது. என் பெண் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதும் தரைக்கு மேலே கிடையாக நீண்டிருக்க, மறு கையை ஓடுகிற பெண்ணின் முதுகை நோக்கி நீட்டியிருந்தாள். ஒரு காலும் தரையில் இல்லை. விரல் நுனிக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அன்று சாயங்காலம் என் மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். வயது எழுபத்தாறு. பேத்தி விளையாடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். முழங்காலில் சிராய்ப்போடு வருவாள் என்றும் தெரியும். என்ன விளையாடுகிறாள் என்பதை அன்றுதான் பார்த்தார்.

"விழுந்துடுவோம்னு இவளுக்குத் தோணவே இல்லையே, ஏம்மா?" என்றார் என்னிடம்.

"விழத்தான் விழுந்தாள், அம்மா. உடனே எழுந்துவிட்டாள்" என்றேன்.

அவர் பேசாமல் இருந்தார். பிறகு, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தம் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, நீ பத்தாவது படிக்கிறப்போ தினம் சாயங்காலம் கிரிக்கெட்டு மட்டையைத் தூக்கிக்கிட்டுப் போனியே, அப்போ உன்னை யாராவது நிறுத்தினோமா?"

எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையின் பின்னால் சற்று நேரம் மறைந்திருந்தார். பிறகு வெளியே வந்து, "நான் எழுபது மார்க்குத்தானே வாங்கினேன்?" என்றார்.

"விளையாடினதாலே எழுபதா? உன் புத்திக்கு எழுபது" என்றார் மாமியார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். இதனால் காரியம் அன்றே முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பரீட்சை வருஷம் பரீட்சை வருஷம்தான். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஒரு வாரம் பேசினோம். பெண்ணையும் உட்காரவைத்துப் பேசினோம். கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி, பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் நிறுத்திவைப்பது, பரீட்சை முடிந்த மறுநாளே மைதானம் என்று தீர்மானமாயிற்று. மூன்று நாளை நாலு நாளாக்க அவள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள். 2025 ஜனவரியில் டில்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை நம் பெண்கள் கட்சி வென்றதை அவள் மேற்கோள் காட்டாத நாள் கிடையாது.

55-250 லென்ஸை விலைக்கு வாங்கிவிட்டோம். கடைக்குப் போய் வாங்கி வந்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான்.

குதிரையின் கதை ஞாபகம் இருக்கிறதா? கண் முன்னால் ஓடுவது வேறு, கண்டுகொள்வது வேறு. வீட்டுக்குள் நாம் பார்க்கும் பெண், தண்ணீர்ப் பாட்டிலை மறந்துவிட்டு வருகிறவள், கூப்பிட்டால் ஏனென்று கேட்காதவள். மைதானத்தில் ஓடும் பெண் வேறு ஒருத்தி. அவளைப் பாட்டிக்கும் அப்பாவுக்கும் காட்டிக்கொடுப்பதற்குத்தான் இந்த லென்ஸ். ஜெயித்தவர்களைப் படம் எடுக்க ஊரே வரும்; மேடையும் மாலையும் அவர்களுக்கு இருக்கின்றன. கடைசியாக வந்தும் நிற்காமல் கோடு வரையில் ஓடிவரும் பிள்ளையை எடுக்க அவன் அம்மாவைத் தவிர யார் இருக்கிறார்கள்?

முடிப்பதற்கு முன் இரண்டு வார்த்தை. உங்கள் படத்தில் பிறர் வீட்டுக் குழந்தைகளும் விழுவார்கள். அவர்களுடைய தாயாருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், சந்தோஷப்படுவார்கள். ஆனால் அவர்களைக் கேட்காமல் ஊரெல்லாம் பார்க்கும்படி அந்தப் படத்தைப் பரப்பாதீர்கள். சொந்தப் பெண்ணின் படத்தைக்கூட அவளைக் கேட்டுவிட்டே வெளியே அனுப்புங்கள். அவளுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

இன்னொன்று: முதல் ஆட்டம் முழுவதும் படம் எடுத்தாயிற்றா? இரண்டாவது ஆட்டத்துக்குக் காமிராவை மூடி பையில் வையுங்கள். லென்ஸின் வழியாகப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு கையும் வேலையாயிருப்பதால் தட்டுவதற்குக் கை இருப்பதில்லை. பிள்ளை ஓடிவரும்போது கூட்டத்தில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். அங்கே ஒரு கறுப்புக் குழாய் மட்டும் தெரிந்தால் என்ன செய்யும், பாவம்!

மில்லிமீட்டரும் எஃப் எண்ணும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடியவை. லென்ஸ் வாங்கப் புறப்படும் அன்று, எந்த ஆட்டம், எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் பெண் இன்னும் எத்தனை வருஷம் ஆடப்போகிறாள் என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் கடைக்காரரிடம் விடை கிடையாது.